அம்புக்குறியை அமுக்காத மனிதர்

அந்த மனிதர் என் கடை நாற்காலியில் உட்கார்ந்தபடியே செத்துப்போனார் என்றுதான் நான் நம்பினேன். நம்பியதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. மனிதன் எதையெதையோ நம்புகிறான். நான் அதை டென்மார்க்குக்குத் தொலைபேசியில் அறிவித்தும் விட்டேன். செத்தவரின் மகளுக்கு. செத்தவர் எனக்குப் பின்னால் ஆறடி தூரத்தில் இருந்தார்.

இப்போது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. சர்க்கரை இருக்கிறது, பேத்தி இருக்கிறாள், இருந்தும் இந்தக் கதையை யாராவது எடுத்தால் நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவேன். ஆகவே மற்றவர்கள் கூட்டிக் குறைத்துச் சொல்வதற்குள் நானே எழுதிவிடுகிறேன்.

பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அப்போது எனக்கு ஒரு கொமியூனிகேஷன் கடை. இரண்டு தொலைபேசி, ஒரு பேக்ஸ், ஒரு போட்டோ கொப்பி மெஷின், மூன்று கம்ப்யூட்டர். மூன்றில் ஒன்று எப்போதும் நோயாளி. அந்த மனிதர் முதன்முதல் அங்கே வந்தது ஓய்வூதியப் புத்தகத்தைப் பிரதி எடுக்க. எடுத்துக் கொடுத்துவிட்டு நான் ஒரு பேக்ஸோடு மல்லுக்கட்டப் போய்விட்டேன். ஒரு மணி நேரம் கழித்துத் தலையைத் தூக்கினால், மனிதர் அதே இடத்தில் நிற்கிறார். பிரதி கையில். குடை கக்கத்தில்.

"இன்னும் ஏதாவது வேணுமாங்க?"

"இல்லீங்க."

"அப்ப?"

"நீங்க போகலாம்னு சொல்லல."

நான் பிறவிக் கேலிக்காரன். இப்படி ஒரு ஆள் கிடைத்தால் விடுவேனா. பச்சைக் கொடி காட்டுவதுபோல ஒரு கடதாசியை ஆட்டி, "போகலாம்" என்றேன். அவர் கேலியைக் கண்டுகொண்டதாகவே தெரியவில்லை. ஒரு தலையசைப்பு. போய்விட்டார்.

பிறகுதான் விசாரித்தேன். ஹாலிஎல ஸ்டேஷனில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து ரயில்வேக்குள் நுழைந்த ஆட்கள் அந்தக் காலத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். எங்கள் மலைப்பாதை ஒற்றைத் தண்டவாளம். ஒரு ஸ்டேஷனிலிருந்து அடுத்த ஸ்டேஷனுக்கு ரயில் கிளம்ப வேண்டுமானால் இரண்டு பக்கத்து ஸ்டேஷனும் மணியடித்துப் பேசி, சரி என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் கருவிக்குள்ளிருந்து ஒரு வில்லை வெளியே வரும். அந்த வில்லையை ஒரு பெரிய வளையத்தில் கோத்து, வருகிற எஞ்சின் டிரைவர் கையில் மாட்டிவிட வேண்டும். அது கையில் இல்லாமல் ரயில் ஒரு அடி நகராது. முப்பது வருஷம் அந்த வளையத்தைத் தூக்கிப் பிடித்து நின்றவர் அவர். ரயில்வே அவருக்கு ஓய்வு கொடுத்துவிட்டது. வளையம் அவரைவிட்டுப் போகவில்லை.

"ஒத்தைப் பாதை, தம்பி" என்பார் எதற்கெடுத்தாலும். "ரெண்டு பக்கமும் சரின்னாத்தான் ஒருத்தன் நகரணும்."

மாதாகோவில் மண்டபத்தில் ஒரு கல்யாணச் சாப்பாடு. எனக்கு எதிர் வரிசையில் அவர். நான் இரண்டாம் தரம் பிரியாணி வாங்கி, எலும்பையும் பரிசீலித்து முடித்தபோது பார்க்கிறேன், அவர் தட்டில் முதல் தரம் வைத்தது வைத்தபடி ஆறிக் கிடக்கிறது. இரண்டு கையும் மடியில்.

"ஐயா, ஒடம்புக்கு முடியலையா?"

"நல்லா இருக்கேன் தம்பி."

"அப்ப ஏன் சாப்பிடல?"

"இன்னும் யாரும் சாப்பிடுங்கன்னு சொல்லலையே."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் சம்சாரம் தலையில் அடித்துக்கொண்டார். "இது பரவாயில்ல தம்பி. எங்க கல்யாணத்துல தாலியைக் கையில வச்சுக்கிட்டு ஃபாதர் மொகத்தையே பாத்துக்கிட்டு நிக்கிறாரு. ஃபாதர் ஒரு தரம் தலையாட்டினாரு, பத்தல. ரெண்டு தரம் ஆட்ட வேண்டியிருந்துச்சு. கூட்டத்துல எல்லாரும் மாப்பிள்ளைக்கு விருப்பமில்லைன்னு பேச ஆரம்பிச்சுட்டாங்க."

இன்னொரு நாள் அவர் என் கடைக்கு எதிரே தெருவைக் கடந்துகொண்டிருந்தார். நான் உள்ளேயிருந்து விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தேன். சும்மா, குரங்குப் புத்தி. மனிதர் நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டார். வெலிமடையிலிருந்து வந்த பஸ் பிரேக் போட்டது. கூரை மேலிருந்த லீக்ஸ் மரக்கறி மூட்டை ஒன்று முன்னால் நின்ற திரீவீலர் மேல் குதித்தது. திரீவீலர்காரன் என் குடும்பத்தில் மூன்று தலைமுறையை விசாரித்தான். அவர் நிதானமாக வந்து கடை வாசலில் நின்றார்.

"விசில் அடிச்சது யாரு?"

"நான்தாங்க. சும்மா."

"சும்மா அடிக்கக்கூடாது தம்பி. எங்கயாவது ஒருத்தன் அதைக் கேப்பான்."

அன்று முதல் இன்று வரை நான் விசில் அடித்ததில்லை.

ஆனால் இந்தக் குணத்துக்கு இன்னொரு முகம் இருந்தது. அதைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகு என் கடைக்கு வர வேண்டும். அவர் சம்சாரம் உள்ளே வந்து தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்காருவார். பத்தரைக்கு மணி அடிக்கும். டென்மார்க்கிலிருந்து மகள். ஒரே மகள். கம்ப்யூட்டர் படித்து, உதவிப் பணம் கிடைத்து, மேல்படிப்புக்குப் போனவள். தாயும் மகளும் கால் மணி நேரம் பேசுவார்கள், அழுவார்கள், சிரிப்பார்கள், மறுபடி அழுவார்கள். அவர் வெளியே என் பெயர்ப்பலகைக்குக் கீழே, தெருவைப் பார்த்தபடி நிற்பார். நாலு வருஷமாக இதேதான்.

"நீங்களும் ரெண்டு வார்த்தை பேசுங்களேன் ஐயா" என்று ஒரு தரம் சொன்னேன்.

"என்னைக் கூப்பிடலையே."

மகளிடமும் கேட்டேன், லைன் வெட்டுப்பட்டு மறுபடி அவள் எடுத்த ஒரு சமயத்தில். "அவரு கேட்டாருன்னா பேசுறேன்ணே" என்றாள். இரண்டு ஸ்டேஷன், இரண்டும் அடுத்தது மணியடிக்கட்டும் என்று காத்திருக்கிறது.

என்ன நடந்தது என்று அவர் சம்சாரம்தான் சொன்னார். பயணம் போகிற அன்று காலை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் அப்பா முன்னால் நின்றிருக்கிறாள். "போயிட்டு வா" என்று ஒரு சொல் வேண்டும் அவளுக்கு. அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு டியூட்டிக்குப் போய்விட்டார். தாயும் மகளும் அதே ஸ்டேஷனில்தான் ரயில் ஏறினார்கள். அவர் பிளாட்பாரத்து முனையில் நின்று டிரைவர் கையில் வளையத்தை மாட்டினார். ரயில் போயிற்று. ஜன்னல் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"ரயிலுக்குக் குடுத்தாரு, பெத்த புள்ளைக்குக் குடுக்கல" என்றார் அந்த அம்மா.

இரண்டாயிரத்து எட்டில் ஒரு நாள் என் கடை விலாசத்துக்கு ஒரு சிடி வந்தது. கூடவே கடிதம். மகள் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு செய்திருக்கிறாள். படிப்பு முடிவதற்கு அது வேண்டுமாம். சின்னது, ஐந்தாறு நிமிடம்தான். கடைக்கு வருகிறவர்களை விளையாடச் சொல்லி, அவர்கள் என்ன சொல்கிறார்களோ அதை ஒரு கொப்பியில் அப்படியே எழுதி அனுப்ப வேண்டும். நல்லது கெட்டது பார்க்க வேண்டாம். கடைசி வரியாக, 'அப்பாவும் பார்க்க விரும்பினால் பார்க்கட்டும்' என்று எழுதி, 'விரும்பினால்' என்பதற்குக் கீழே கோடு போட்டிருந்தாள்.

முதல் பரிசோதனை எலி நான். திரையில் பனிமூட்டம். ஒரு தண்டவாளம், ஒரு பிளாட்பாரம், தூரத்தில் சுரங்கத்தின் வாய். பிளாட்பாரத்தில் கறுப்பு மையால் வரைந்த ஒரு சின்ன ஆள், கையில் விளக்கு. கீழே தமிழில் ஒரு வரி: 'நான் சொல்லும்வரை போகாதே.' அவ்வளவுதான். நான் காத்திருந்தேன், ஒரு பத்து விநாடி. பிறகு அம்புக்குறியை அமுக்கினேன். ஆள் இறங்கி நடந்தான். நடக்க நடக்க ஒவ்வொரு வரி வந்தது. 'இருட்டுக்கு வாசல் உண்டு, கதவு இல்லை.' 'நீ விட்டுவந்த இடம் உன் பின்னாலேயே நடந்து வருகிறது, கொஞ்சம் மெதுவாக.' இப்படி. சுரங்கத்துக்குள் போனதும் திரை முழுக்கக் கறுத்துவிட்டது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்து எழுந்து மெழுகுதிரி தேடினேன். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சரி, கம்ப்யூட்டர்தான் செத்தது என்று அதன் தலையில் இரண்டு தட்டு தட்டினேன். அதற்குள் ஆள் மறுபக்கம் வந்துவிட்டான். அங்கேயும் பனி, ஒரு காலி பெஞ்சு, ஒரு வரி: 'யாரும் சொல்லவில்லை. வந்துவிட்டேன். நீங்களும் வந்தால் உட்கார இடம் இருக்கிறது.' விளையாட்டு தானாக மூடிக்கொண்டது.

கொப்பியில் என் பெயரை எழுதி, 'பயமாக இருந்தது' என்று எழுதினேன். எதற்குப் பயம் என்று எழுதவில்லை.

அடுத்து திரீவீலர்காரன், லீக்ஸ் விழுந்தவன்தான். ஐந்து நிமிடம் விரலை எடுக்காமல் அமுக்கினான். "யாரைச் சுடணும்?" என்று கேட்டான். யாரையும் சுட வேண்டாம் என்றேன். முடிந்ததும் நாற்காலியைவிட்டு எழும்பவில்லை. "அண்ணே, இப்ப நான் ஜெயிச்சேனா தோத்தேனா?" தெரியவில்லை என்றேன். "தெரியாமப் போனா எப்படிண்ணே வீட்டுக்குப் போறது?" என்று மறுபடி விளையாடினான். மூன்று தரம். மூன்றிலும் அவனுக்குத் தீர்ப்புக் கிடைக்கவில்லை.

வெலிமடை உருளைக்கிழங்கு முதலாளி ஒருவர் பேக்ஸுக்காகக் காத்திருந்தார். அவரை உட்கார வைத்தேன். "ஆள் டனலுக்குள்ள போறான், சரி. வெறுங்கையோட போறானே, அந்தப் பக்கம் என்னத்தை விக்கப் போறான்?" என்றார். அதையும் எழுதினேன்.

பெண்கள் பாடசாலையில் படிப்பித்த ஒரு யாழ்ப்பாணத்து டீச்சர் இருந்தார். கண்டிப்பானவர்; போட்டோ கொப்பி சாய்ந்திருந்தால் திருப்பிக் கொடுப்பார். அவர் விளையாடும்போது பாதிச் சுரங்கத்தில் நிறுத்தி, இடதுபக்க அம்புக்குறியை அமுக்கிக்கொண்டே இருந்தார்.

"என்ன டீச்சர், மெஷின் நிண்டிருச்சா?"

"இல்லை. திரும்பிப் போகேலுமோ எண்டு பாத்தனான். பின்பக்கம் நடக்கேலாது போல."

"ஆமாங்க, முன்னாலதான் போகும்."

"அப்பிடியே எழுதிவிடும்" என்று சொல்லி, குடையை எடுத்துக்கொண்டு போனார். அப்போது யுத்தத்தால் வடக்குக்குப் பாதை பூட்டியிருந்தது. அவர் சொன்னதை அப்படியே எழுதினேன்.

இருபத்தேழு பேர் விளையாடினார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் ஒரு நிமிடத்துக்குள் அம்புக்குறியை அமுக்கினார்கள். போகாதே என்று எழுதியிருக்கிறதே என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. கொப்பியை அனுப்பினேன். அவள் தொலைபேசி எடுத்தாள்.

"எல்லாம் நல்லா இருக்குண்ணே. அப்பா?"

"இன்னும் வரல. கடிதத்துல அந்தக் கடைசி வரியை என்னை ரெண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாரு. யோசிக்கிறேன்னு போனாரு."

பிறகு சொன்னாள்: "அவரு டனலுக்கு அந்தப் பக்கம் வந்துட்டாருன்னு தெரிஞ்சா, நான் டிசம்பர்ல வர்றேன்ணே. வரலைன்னா வர்றதுல என்ன இருக்கு? அவரு வாசல்ல நிப்பாரு. நான் உள்ள நிப்பேன். அதுக்கு எதுக்கு பிளேனு?"

அடுத்த திங்கட்கிழமை காலை அவர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. தலைக்கு எண்ணெய். கோவிலுக்குப் போகிற மாதிரி. நான் நாற்காலியைத் துடைத்து உட்கார வைத்து, எப்படித் திறப்பது, எதை அமுக்கினால் ஆள் நடப்பான் என்று காட்டிக் கொடுத்தேன். மூடிக்கொண்டால் இந்தப் படத்தில் இரண்டு தரம் தட்டினால் மறுபடி வரும் என்பதையும் சொன்னேன். அவர் தலையசைத்தார். பிளேன்டீ சொல்ல எதிர்க்கடைக்குப் போனேன். அங்கே யாரோ பிடித்துக்கொண்டார்கள். திரும்பி வந்து பார்த்தால் ஆள் பிளாட்பாரத்தில் நிற்கிறான். இவர் இரண்டு கையையும் மடியில் வைத்து அவனையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பன்னிரண்டு மணிக்கும் அப்படியே. ஒரு மணிக்குக் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நாளைக்கு வரட்டுமா?" என்று கேட்டார். "வாங்க" என்றேன். போனார்.

எனக்கு விளங்கிவிட்டது. உலகத்திலேயே அந்த வரிக்குக் கீழ்ப்படிந்த ஒரே ஆள் இவர். 'நான் சொல்லும்வரை போகாதே' என்றால் போகமாட்டார். மகள் எழுதிய அத்தனையும் சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் கிடக்கிறது. இவர் இந்தப் பக்கம் குந்தியிருக்கிறார். டிசம்பர் போச்சு.

செவ்வாய்க்கிழமை நேரடியாகவே இறங்கினேன். "ஐயா, அந்த அம்புக்குறியை அமுக்குங்க."

"அமுக்கினா அவன் போயிருவான்."

"போகட்டும்ங்க. போகத்தானே வச்சிருக்கு."

"யாரு சொன்னது?"

"நான் சொல்றேன்."

"நீங்க எந்த ஸ்டேஷன் தம்பி?"

அன்று மகளுக்கு ஈமெயில் போட்டேன்: தங்கச்சி, ஒரு வரி எழுதி அனுப்புங்க, 'அப்பா போங்க' என்று, நான் அவருக்குக் காட்டுகிறேன். பதில் வந்தது. 'நான் சொல்லி அவர் போனால் அது விளையாட்டு இல்லை அண்ணா. அவராகப் போக வேண்டும்.' அப்பனைப்போலவே பிள்ளை. ஒற்றைப் பாதை.

புதன்கிழமை நான் ஒரு திருட்டுத்தனம் செய்தேன். நானே ஒரு செய்தியை அடித்து, அச்செடுத்து, இப்போதுதான் டென்மார்க்கிலிருந்து வந்தது என்ற முகத்தோடு கொண்டுபோய் நீட்டினேன். 'அன்புள்ள அப்பா, பாதை சரியாக உள்ளது. சுரங்கத்துக்குள் போகலாம். இப்படிக்கு மகள்.' அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, மேலிருந்து கீழ் வாசித்தார். கடதாசியைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"நம்பர் இல்லையே தம்பி."

"என்ன நம்பருங்க?"

"லைன் குடுத்தா ஒரு நம்பர் குடுப்பாங்க. நம்பர் இல்லாத செய்தியை நாங்க எடுக்கிறதில்ல."

அவர் உதட்டோரத்தில் என்னவோ அசைந்தது. பல் வலியாக்கும் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை மழை. கடையில் வேறு யாருமில்லை. எட்டரைக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். ஒன்பதரைக்குப் பிளேன்டீ வைத்தேன். பதினொரு மணிக்குப் பார்த்தால் அது ஆறி, வைத்தது வைத்தபடி இருக்கிறது. மனிதர் அசையவில்லை. கண் திறந்திருக்கிறது, இமைக்கவில்லை. ஒரு ஈ அவர் காதில் உட்கார்ந்தது. அங்கிருந்து கன்னம். கன்னத்திலிருந்து மூக்கு நுனி. ஈ அங்கே நின்று கால்களைத் தேய்த்துக்கொண்டது. அவர் விரலைக்கூட ஆட்டவில்லை.

"ஐயா" என்றேன். மெதுவாகத்தான். சத்தமாகக் கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

பதில் இல்லை.

ஒரு வெள்ளைக் கடதாசியை அவர் மூக்குக்கு நேரே பிடித்தேன். ஆடியது. மூச்சு இருக்கிறது. பிறகுதான் மின்விசிறி ஞாபகம் வந்தது. அதை நிறுத்திவிட்டு மறுபடி பிடித்தேன். இன்னும் வேகமாக ஆடியது, ஏனென்றால் இப்போது என் கை ஆடிக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்திருக்கலாம். யாரும் அதைத்தான் செய்வார்கள். எனக்குப் பிணத்தைத் தொடப் பயம், சொன்னால் என்ன. சின்ன வயதிலிருந்து.

அடுத்த அரை நிமிடத்தில் என் மூளைக்குள் பொலீஸ் வந்தது, மரண விசாரணை நடந்தது, கடைக்குச் சீல் வைத்தார்கள், 'கம்ப்யூட்டர் விளையாட்டு: முதியவர் பலி' என்று பத்திரிகையில் என் படத்தோடு போட்டார்கள். அதுவும் அடையாள அட்டையில் இருக்கிற அந்த அசிங்கமான படம். பயந்தவன் முதலில் செய்கிற வேலை, பாரத்தை இன்னொருத்தர் தலையில் இறக்கி வைப்பது. நான் தொலைபேசியை எடுத்து டென்மார்க்கைச் சுழற்றினேன். அங்கே விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும்.

"தங்கச்சி, மனசைத் திடப்படுத்திக்கிங்க."

"என்னண்ணே? அம்மாவுக்கு என்ன?"

"அம்மா நல்லா இருக்காங்க. ஐயாதான். நம்ம கடையிலதான்மா. உக்காந்தபடியே. கஷ்டப்படல. கடைசி வரைக்கும் உங்க விளையாட்டைத்தான் பாத்துக்கிட்டிருந்தாரு."

அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. அதை நான் எழுதப்போவதில்லை. நானும் அழ ஆரம்பித்துவிட்டேன். "ரொம்ப நல்ல மனுஷன்மா" என்று தேம்பினேன். "யாரையும் இடிச்சுக்கிட்டு முன்னால போகாத மனுஷன்."

"யாரு தம்பி செத்தது?" என்றது எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

ரிசீவரைக் கைவிட்டேன். எப்படிப் போனேன் என்று தெரியாது, போட்டோ கொப்பி மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து பார்த்தால் அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளி, எழுந்து, வயரில் ஆடிக்கொண்டிருந்த ரிசீவரை எடுத்துக் காதில் வைக்கிறார். முப்பது வருஷப் பழக்கம். தொலைபேசியை எடுத்தால் என்ன சொல்வாரோ அதையே சொன்னார்.

"ஹாலிஎல."

அந்தப் பக்கம் சத்தம் நின்றது.

"ஆமா. நான்தான். இருக்கேன், இருக்கேன். அந்தப் பய சொல்றதையெல்லாம் நம்பாத. அழாத."

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றார். ரிசீவரைக் கை மாற்றிக்கொண்டார்.

"ம். பாத்தேன். முழுசாத்தான் பாத்தேன். இல்ல, இன்னைக்கி இல்ல. மொத நாளே."

நான் மெஷினுக்கு மேலே தலையை நீட்டினேன்.

"யாரும் சொல்லலதான். போனேன்" என்றார். "அந்தப் பெஞ்சையும் பாத்தேன். அது சரி, அந்த ஆள் நிக்கிறானே, எடது முழங்காலை மடக்காம. அது நான் நிக்கிற மாதிரில்ல இருக்கு? உனக்கு யாரு காட்டிக் குடுத்தது?"

அவள் ஏதோ சொன்னாள். நீண்ட பதில்.

"ஓ. ஜன்னல்ல இருந்தா." மறுபடி கேட்டார். "இல்ல, நானும் பாத்தேன். நீதான் அந்த நேரம் குனிஞ்சிருந்த. மூணாவது பெட்டி, நாலாவது ஜன்னல். நீலச் சட்டை."

நான் திரும்பித் திரையைப் பார்த்தேன். இருபத்தேழு பேரை விளையாட வைத்திருக்கிறேன். நாற்பது தரமாவது அந்த ஆளைப் பார்த்திருக்கிறேன். இப்போதுதான் தெரிந்தது. இடது கால் கம்புபோல நேரே, வலது தோள் கொஞ்சம் தாழ்ந்து, என் பெயர்ப்பலகைக்குக் கீழே ஞாயிற்றுக்கிழமைதோறும் நிற்கிறாரே, அதே நிற்பு.

"டிசம்பர்ல மழை இருக்கும். பரவாயில்ல, வா" என்று சொல்லி ரிசீவரை வைத்தார். என்னைப் பார்த்தார்.

"ஏன் தம்பி அங்க உக்காந்திருக்கீங்க?"

"மெஷின்ல ஒரு திருகாணி கழண்டிருச்சுங்க." எழுந்து வந்தேன். கோபம் வந்துவிட்டது எனக்கு. "மொத நாளே பாத்துட்டீங்கன்னா எங்கிட்ட ஏன் சொல்லல? நான் ஈமெயில் போட்டு, செய்தி அடிச்சு, நம்பர் இல்லைன்னு நீங்க திருப்பிக் குடுத்து..."

"நம்பர் இல்லைதானே?"

"அது பொய்ச் செய்தின்னு தெரிஞ்சுதான் சொன்னீங்களா?"

"எம் மக எனக்கு எழுதினா 'இப்படிக்கு மகள்'னு எழுதுவாளா தம்பி?" மறுபடி அதே உதட்டோரம். அது பல் வலி இல்லை, சிரிப்பு. இத்தனை வருஷமாக நான் அவரைக் கேலி செய்துகொண்டிருப்பதாக நினைத்ததை எண்ணி, எனக்குக் காது சுட்டது.

அந்த டிசம்பரில் அவள் வந்தாள். கொழும்பிலிருந்து ரயிலில். அவர் போய்ப் பிளாட்பாரத்தில் நின்றதாக அந்த அம்மா சொன்னார். நான் போகவில்லை; முகத்தைக் காட்ட வெட்கம்.

நான் நினைத்ததையெல்லாம் கழித்துவிட்டால் நடந்தது இவ்வளவுதான். அவர் சாகவில்லை. உத்தரவுக்காகவும் காத்திருக்கவில்லை. திங்கட்கிழமை காலை நான் எதிர்க்கடையில் வாயடித்துக்கொண்டிருந்த நேரத்தில் அம்புக்குறியை அமுக்கி, சுரங்கத்துக்குள் போய், மறுபக்கம் வந்து, கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டார். பிறகு மறுபடி திறந்து, எதையும் அமுக்காமல், மகள் வரைந்த அந்த ஆள் நிற்பதை நாலு நாள் பார்த்துக்கொண்டிருந்தார்.